ஜீப்பில் அவளுடைய இடம்

நான் போடி கோர்ட்டில் வக்கீல். பெரிய வக்கீல் என்று சொல்லிக்கொள்ள மனசாட்சி இடம் தராது. பாகப்பிரிவினை, ஜீவனாம்சம், செக் வழக்கு, யாராவது யார் வாய்க்காலையாவது மறித்துவிட்டால் ஒரு தடையுத்தரவு, இப்படித்தான் என் பிழைப்பு ஓடுகிறது. கோபம் மட்டும் பெரிய வக்கீல்களுக்கு வருகிற அளவு எனக்கும் வரும். நீதிபதி எழுந்து உள்ளே போன பிறகும் நான் வாதாடிக்கொண்டிருந்ததாக என்னைப் பற்றி ஒரு கதை கோர்ட்டு வளாகத்தில் உலாவுகிறது. அதில் பாதிதான் உண்மை.

நாங்கள் குடியிருக்கும் தெருவில் பாதிப் பெண்கள் மலைக்கு ஏலக்காய் வேலைக்குப் போகிறவர்கள். மலை என்றால் போடிமெட்டைத் தாண்டி, கேரளாவுக்குள். விடியும் முன்பே தெருமுனையில் ஜீப்பு வந்து நின்று ஹாரன் அடிக்கும். தலையில் துண்டும் கையில் தூக்குவாளியுமாகப் பெண்கள் ஏறிக்கொள்வார்கள். பொழுது சாய்ந்த பிறகு அதே ஜீப்பு கொண்டுவந்து இறக்கிவிடும். ஜீப்பில் ஒவ்வொருத்திக்கும் ஒரு இடம் உண்டு. வாந்தி வருகிறவளுக்கு ஓரம், முழங்கால் வலிக்காரிக்கு முன்பக்கம், சிறுசுகளுக்கு நடுவில் நெருக்கம். யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் ஒருத்தி இடத்தில் இன்னொருத்தி உட்கார மாட்டாள். அந்த இடம் இருந்தால் வேலை இருக்கிறது என்று அர்த்தம். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று எங்கள் தெருவில் யாரும் சொல்வதில்லை. ஜீப்பில் இடம் போச்சு என்பார்கள்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு ஐந்தாம் மாதத்தில் இடம் போயிற்று.

அன்று காலை நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். ஜீப்பு வந்தது, நின்றது, புறப்பட்டது. இவள் மட்டும் தூக்குவாளியோடு தெருமுனையிலேயே நின்றுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நேராக என்னிடம் வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

"அக்கா, இனிமே வர வேணாம்ட்டாரு ஜீப்புக்கார அண்ணன். எம்மேல எரக்கப்பட்டுத்தான் சொல்றாராம். கொண்டை ஊசி வளைவுல குலுக்குமாம், வயித்துப் பிள்ளைக்கு ஆகாதாம்."

"பிள்ளை பெத்த பிறகு எடுத்துக்குவாரா?"

"அதெப்படி எடுப்பாரு? என் எடத்துல ராசிங்காபுரத்துப் புள்ளைய ஏத்திட்டாக. அவளும் பாவம், புருசன் இல்லாதவ. அவள எறக்கிட்டு என்னைய ஏத்துன்னு நான் எந்த வாயால கேப்பேன்?"

கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை அது. மாமியார், நாத்தனார், மூலைக் கடைக்காரர் எல்லோரும் அவளிடம் ஒரே பாட்டைப் பாடினார்கள்: நல்லதுக்குத்தான், வீட்டில் இரு. அவள் வீட்டுக்காரன் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். நாள் தவறாமல் வேலைக்குப் போனாலும் அவன் ஒருத்தன் சம்பாத்தியத்தில் அந்த வீடு நிமிராது. "பிள்ளை வேணும்னுதான்க்கா கோயில் கோயிலா ஏறுனேன். பிள்ளை வந்ததும் சோலிய விட்டுட்டு உக்காந்தா அதுக்கு நான் என்னத்தப் போட்டு வளக்குறது? எனக்கு ரெண்டும் வேணும்" என்றாள். சாமியிடம் வேண்டிக்கொள்கிற மாதிரி இல்லாமல், கடையில் சாமான் கேட்கிற மாதிரி கேட்டாள். அந்தக் கேட்கும் தோரணை எனக்குப் பிடித்திருந்தது.

சட்டம் அவள் பக்கம் இருந்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பேறுகால உதவிக்கு முதலில் மாகாணத்துக்கு ஒன்று, சமஸ்தானத்துக்கு ஒன்று என்று சட்டங்கள் இருந்தன. அறுபத்தொன்றில் நாட்டுக்கே ஒரு சட்டம் வந்தது. பேறுகாலத்துக்கு முந்தைய ஓராண்டில் எண்பது நாள் வேலை செய்திருந்தால் போதும், சம்பளத்தோடு விடுப்பு. கர்ப்பத்தைக் காரணம் காட்டி நிறுத்தக் கூடாது. திரும்பி வந்த பிறகு குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பால் கொடுக்க நாளைக்கு இரண்டு இடைவேளை. விடுப்பைப் பிறகு ஆறு மாதமாக்கினார்கள். நாள்கூலிப் பெண்களுக்கும் இதெல்லாம் உண்டு என்று உச்ச நீதிமன்றமும் எப்போதோ சொல்லிவிட்டது. இப்போது தொழிலாளர் சட்டங்களை எல்லாம் சுருட்டி நான்கு தொகுப்புகளாகக் கட்டியிருக்கிறார்கள். பெயர் மாறியது, பிரிவு எண் மாறியது, நாங்கள் எல்லோரும் புதுப் புத்தகம் வாங்கினோம். யார் முதலாளி என்ற கேள்வி மட்டும் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

கோர்ட்டுக்கு எதிர்த்த டீக்கடையில் இதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னதும் எங்கள் ஆட்களுக்குள் பெரிய விவாதம் கிளம்பிவிட்டது. ஆறு மாதச் சம்பளத்தை முழுக்க முதலாளி தலையில் கட்டினால் அவன் பெண்களை வேலைக்கே எடுக்க மாட்டான், நல்லது செய்கிறோம் என்று சட்டம் பெண் வயிற்றில்தான் அடிக்கிறது என்றார் ஒரு சீனியர். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எனக்கும் அந்தச் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்க வேண்டும் என்றுதான் படுகிறது. பிள்ளை நாட்டுக்கும்தானே பிறக்கிறது. ஆனால் அதற்காக, அரசு மனது வைக்கும்வரை அவளைப் பிள்ளை பெறாமல் தள்ளிப்போடச் சொல்ல முடியுமா? இதைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. டீக்கடைக்காரர் எனக்குச் சர்க்கரை குறைவாகப் போட்டுக் கொடுத்தார்.

மனுவை எங்கே கொடுப்பது என்பதில் ஒரு கூத்து. தோட்டத்து முதலாளியின் வீடு போடியில், எங்கள் தெருவிலிருந்து நடந்து போகிற தூரம். வேலைக்குப் போகிற பெண்கள் போடி, ஜீப்பு போடி, ஏலக்காய் ஏலம் போவதும் போடி. செடி மட்டும் கேரளாவில் நிற்கிறது. சட்டம் செடி நிற்கிற இடத்தைத்தான் பார்க்கும். ஆகவே இரண்டு தெரு தள்ளியிருக்கிற ஒருவர் மேல் புகார் கொடுக்க, மலையேறிப் போய், மலையாளத்தில் எழுதி, அந்தப் பக்கத்துத் தோட்ட ஆய்வாளர் அலுவலகத்தில் கொடுத்தோம்.

அங்கே இருந்த ஆய்வாளர் ஒரு பெண். எல்லைப்புறத்தில் பல வருஷம் வேலை பார்த்ததால் தமிழும் மலையாளமும் கலந்து ஒரு தனிப் பாஷை வைத்திருந்தார். சிரிக்கவே மாட்டார். எங்களையும் எஸ்டேட்டுத் தரப்பையும் ஒரு நாள் விசாரணைக்கு வரச் சொன்னார்.

நான் நன்றாகத் தயார் செய்துகொண்டு போனேன். கூடவே அதே ஜீப்பில் போகிற பெண்களையும் சாட்சிக்கு அழைத்துப் போயிருந்தேன். எஸ்டேட்டுக்காகப் போடியிலிருந்தே ஒரு வக்கீல் வந்திருந்தார். டீக்கடையில் பேசினாரே, அதே சீனியர்தான். அவர் பக்கத்தில் தோட்டத்து சூப்பர்வைசர், ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். ஜீப்புக்கார அண்ணனையும் அவர்களே கூட்டிவந்து ஒரு ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

ஆய்வாளர் முதலில் பெண்களிடம் கேட்டார். "சேச்சி, நீங்க ஆருடெ ஆளு? ஆருடெ கீழே பணி எடுக்குது?"

ஒரு நொடிகூட யோசிக்காமல் முன்னால் நின்றவள் சொன்னாள், "நாங்க அண்ணன் ஜீப்பு ஆளுகம்மா."

அடுத்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளும். கடைசியில் மனுக் கொடுத்தவளே, வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்து நின்று, "நானும் அண்ணன் ஜீப்புதாம்மா" என்றாள்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. போடியில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வாள். முந்தல் சோதனைச் சாவடியில் கேட்டாலும், ஆஸ்பத்திரியில் கேட்டாலும், கல்யாண வீட்டில் கேட்டாலும் எந்த ஜீப்பு என்பதுதான் அவர்களுக்கு விலாசம். தோட்டத்துக்குப் பெயர் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. காலையில் ஏற்றி மாலையில் இறக்குகிறவன் அல்லவா கண்ணுக்குத் தெரிகிற ஆள். வரும் வழியெல்லாம் என்னென்னவோ சொல்லிக்கொடுத்த நான், இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று தோன்றவே இல்லை.

சீனியர் எழுந்தார். அவருக்கு வாயெல்லாம் பல். "மேடம், அவர்களே சொல்லிவிட்டார்கள். இவர்கள் எங்கள் தோட்டத்து ஆட்கள் இல்லை. எங்கள் லயத்து வீடுகளில் தங்கி வேலை செய்கிற ஆட்கள் கொஞ்சம் பேர்தான், அவர்களுக்கு எல்லாம் முறையாகச் செய்கிறோம். ஜீப்பில் வருகிறவர்களுக்கு முதலாளி இதோ இவர்தான்" என்று ஜீப்புக்கார அண்ணன் பக்கம் கையை நீட்டினார்.

பெண்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். பிறகு எல்லோருக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. அண்ணனைப் பார்த்தால் முதலாளி என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. காக்கிச் சட்டையில் டீசல் கறை, காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. அவர் மட்டும் சிரிக்கவில்லை. முகம் சிவந்துபோயிற்று.

"யாருங்க மொதலாளி? நானா?" என்றார். "ஓட்டுற வண்டிக்கே நான் இன்னும் மொதலாளி இல்ல. நான் மொதலாளின்னா, பொழுது சாயவும் போனப் போட்டு நாளைக்கு இத்தன ஆளக் கொண்டான்னு சொல்றது யாரு? எந்தக் காட்டுல எறக்கணும்னு சொல்றது யாரு? இந்தப் புள்ள வேணாம், வேற ஆளக் கொண்டான்னு சொல்றது யாரு?"

ஆய்வாளர் பேனாவை எடுத்தார். "எந்தப் புள்ளைய வேண்டான்னு பறஞ்ஞது?"

 சொன்னால் அடுத்த நாள் தோட்டத்திலிருந்து போன் வராது என்பது அண்ணனுக்கும் தெரியும், அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் அவர் எதிர்வீட்டுப் பெண்ணைக் காட்டினார். "அந்தா நிக்குதே, அந்தப் புள்ளையத்தான். வயிறு தெரியிது, இனிமே ஏத்தாதன்னாக. நான் ஏத்தல. கொண்டை ஊசி வளைவு, குலுக்கும்னு நானா ஒண்ணச் சொல்லி விட்டுட்டு வந்தேன். அது எனக்கு இன்னமும் உறுத்திக்கிட்டேதான் இருக்கு."

சூப்பர்வைசர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீனியர் தன் கட்டுகளைப் புரட்டினார். நான் எழுந்து, ஆட்களைத் தேர்ந்தெடுப்பதும் நிறுத்துவதும் எந்தக் காட்டில் என்ன வேலை என்று சொல்வதும் யாரோ அவர்தான் முதலாளி, நடுவில் ஜீப்பு ஓடுவதால் அது மாறிவிடாது என்று வாதாடினேன். நன்றாகவே வாதாடினேன். ஆனால் அன்றைக்கு வழக்கைத் தூக்கி நிறுத்தியது என் வாதம் இல்லை, அண்ணனுக்கு வந்த கோபம். கோபத்தின் மேல் எனக்கு மரியாதை கூடிய நாள் அது.

ஆய்வாளர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, இன்னொரு தேதி சொல்லி அனுப்பிவிட்டார்.

மறுநாளே நாங்கள் பயந்தது நடந்தது. அண்ணனுக்குப் போன் வரவில்லை. அதற்குப் பதில் விடிகாலையில் எங்கள் தெருமுனைக்கு வேறொரு ஜீப்பு வந்து நின்றது. எஸ்டேட்டு அனுப்பிய ஜீப்பு. நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்கள் தூக்குவாளியோடு வந்தார்கள். புது டிரைவரைப் பார்த்தார்கள்.

"ஏறுங்கத்தா, வெரசா. நேரமாச்சு" என்றான் அவன்.

"இது எங்க ஜீப்பு இல்லையே" என்றாள் முன்னால் நின்றவள்.

"எல்லாம் அதே தோட்டந்தான். ஏறுங்க."

"தோட்டம் எதுவா இருந்தா எங்களுக்கென்ன? நாங்க அண்ணன் ஜீப்பு ஆளுக."

சொல்லிவிட்டு எல்லோரும் அவரவர் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை. ராசிங்காபுரத்துப் பெண்ணும் ஏறவில்லையாம், பிறகு கேள்விப்பட்டேன். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்று அவர்களுக்கும் கவலை இருந்தது. ஒரு சிலர் கவலையை என்னிடம் வந்து கொட்டவும் செய்தார்கள், "எத்தன நாளைக்குக்கா?" என்று.  ஆனால் இன்னொருத்தர் ஜீப்பில் ஏறுவது என்ற எண்ணம் அவர்களுக்கு வரவே இல்லை. அந்த வழக்கம் விசாரணையில் எங்கள் காலை வாரிவிட்டது, இப்போது அதுவே எங்களைத் தாங்கிக்கொண்டது.

காய் எடுப்புக் காலம் அது. ஏலக்காயைப் பக்குவத்தில் எடுக்கவில்லை என்றால் செடியிலேயே பழுத்து வெடிக்கும், பச்சை நிறம் போகும், ஏலத்தில் எவனும் சீந்த மாட்டான். ஒரு வாரம் முழுதாகப் போகவில்லை, சீனியர் கோர்ட்டு வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார். "சமாதானமாப் போயிருவோமேம்மா" என்றார். குரலில் அத்தனை தேன்.

எனக்குச் சமாதானத்தில் இஷ்டமில்லை. சொல்லப்போனால் கடுப்பாக இருந்தது. ஜீப்பில் போகிற பெண்களுக்குத் தோட்டம்தான் முதலாளி என்று ஒரு உத்தரவு கையில் கிடைத்துவிட்டால், எல்லைக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போகிற அத்தனை ஜீப்புப் பெண்களும் அதைக் காட்டலாம். அதை மேல் கோர்ட்டு வரை கொண்டுபோய்க் கல்வெட்டாக்கிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. எதிர்வீட்டுக்குப் போய் இதை விளக்கிச் சொன்னேன். அவள் காலை நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"தீர்ப்பு வர எம்புட்டு நாளாகும்க்கா?"

"மேல் கோர்ட்டு வரைக்கும் போனா சில வருஷம் ஆகலாம்."

"அதுக்குள்ள எம்பிள்ள பள்ளிக்கொடம் போயிரும். அதுவே படிச்சு வக்கீலாகி வந்து வாதாடிக்கிரும்" என்றாள்.

சிரிப்பு வந்துவிட்டது. என் கட்சிக்காரி அவள்தான், கல்வெட்டு இல்லை. சரி என்றேன். ஆனால் ஒரு நிபந்தனை, சமாதானம் அவள் ஒருத்திக்கு மட்டும் என்று இருக்கக் கூடாது, ஜீப்பில் வருகிற எல்லோரையும் தோட்டத்து ஆட்களாக எழுத வேண்டும். "அது இல்லாமலா? எனக்கு மட்டும்னு வாங்கிட்டு அந்த ஜீப்புல நான் மூஞ்சியக் காட்ட முடியுமா?" என்றாள். பிறகு வெங்காயத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "பால் குடுக்க ரெண்டு தடவ விடணும்னு சட்டத்துல இருக்குன்னு சொன்னீகள்ல. பிள்ளை இங்கன போடியில கெடக்கும். பால் மலை மேல இருக்கும். அவுக விட்டு நான் யாருக்குக் குடுக்க?" என்று கேட்டாள்.

நான் அதை யோசித்திருக்கவில்லை. சட்டத்தை எழுதியவர்கள் யோசித்திருந்தார்கள். ஐம்பது பெண்கள் வேலை செய்கிற தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு கிரச்சு வைக்க வேண்டும் என்று ஐம்பத்தொன்றிலேயே தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். லயத்து ஆட்களை மட்டும் எண்ணினால் அந்தத் தோட்டம் ஐம்பதைத் தொடாது. ஜீப்பு ஜீப்பாக வருகிற பெண்களையும் எண்ணினால் தாராளமாகத் தாண்டும். அவர்களை யார் ஆள் என்று எழுதுகிறோம் என்பதில்தான் அவள் பிள்ளைக்குப் பால் கிடைப்பதும் இருந்தது.

சமாதானப் பேச்சு ஆய்வாளர் முன்னிலையில் நடந்தது. விடுப்புக்கும் விடுப்புச் சம்பளத்துக்கும் சீனியர் ஒத்துக்கொண்டார். ஜீப்புப் பெண்களைத் தோட்டத்து ஆட்களாக எழுதவும், முனகிக்கொண்டே, நல்லெண்ண அடிப்படையில் என்று ஒரு வார்த்தையைச் சேர்த்து ஒத்துக்கொண்டார். அந்த வார்த்தையை அவர் எத்தனை தரம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அண்ணனுக்குப் பழையபடி போன் போக வேண்டும் என்பதையும் எழுதினோம். கிரச்சு என்றதும்தான் சீனியர் நிமிர்ந்தார். "மலையில குழந்தையே கிடையாதேம்மா. யாருக்கு?"

எதிர்வீட்டுப் பெண் தன் வயிற்றைக் காட்டினாள். அப்போது அவளுக்கு எட்டாம் மாதம். அந்த வயிற்றைப் பார்க்காமல் அந்த அறையில் யாரும் எங்கேயும் பார்த்துவிட முடியாது. ஆய்வாளர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தார்.

"உர மூட்டை அடுக்கியிருக்கிற ரூமு பிள்ளைகளுக்குன்னு கட்டுனதுதான்" என்று மெதுவாகச் சொன்னார் சூப்பர்வைசர். சீனியர் அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் மறுபடி தரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஆனால் ஆய்வாளர் அதற்குள் எழுதிவிட்டார்.

ராசிங்காபுரத்துப் பெண்ணை என்ன செய்வது என்ற கேள்வியும் எழுந்தது. எதிர்வீட்டுப் பெண் விடுப்பு முடிந்து திரும்பியதும் கிரச்சுக்கு ஒரு ஆள் வேண்டுமே, அதற்கு அவளையே வைக்கலாம் என்று முடிவானது. அவளுக்கு அதில் பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை. "காய் எடுக்கிறதே தேவல. பிள்ளைக அழுதா எனக்குத் தல வலிக்கும்" என்றுதான் சொன்னாள். இருந்தாலும் ஒத்துக்கொண்டாள். எல்லாருக்கும் எல்லாமும் மகிழ்ச்சியோடு முடிவது சினிமாவில்தான்.

பெண் குழந்தை பிறந்தது. எங்கள் தெருவில் இனிப்பு கொடுத்தார்கள். சீனியர் வீட்டுக்கும் ஒரு டப்பா போயிற்றாம், அவள்தான் கொடுத்தனுப்பினாள். ஆறு மாதம் அவள் வீட்டில் இருந்தாள். அந்த ஆறு மாதமும் அவள் இடத்தில் மாற்றாளாக ஏறிய ராசிங்காபுரத்துப் பெண், அது தன் இடம் இல்லை என்று தெரிந்தே உட்கார்ந்து போய் வந்தாள்.

விடுப்பு முடிந்து அவள் மலைக்குப் புறப்பட்ட முதல் நாள் நானும் கூடப் போனேன். கிரச்சு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு அதைக் கண்ணால் பார்க்க ஆசையாக இருந்தது. ஜீப்பில் எனக்கென்று இடம் எது? இரண்டு பெண்கள் நடுவில் செருகிவிட்டார்கள். மூன்றாவது வளைவிலேயே எனக்கு வாந்தி வந்துவிட்டது. ஓரத்து இடக்காரி பெரிய மனது பண்ணி நகர்ந்துகொண்டாள். குழந்தை மட்டும் அம்மா மடியில், கம்பளித் தொப்பிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, மலை ஏறுவது தெரியாமல் தூங்கியது. வண்டியில் ஆட்கள் அதிகம்தான். சட்டப்படி இத்தனை பேரை ஏற்றக் கூடாது. அதற்கும் ஒரு நாள் சண்டை போட வேண்டும் என்று, தலை சுற்றிக்கொண்டிருந்த போதும் நினைத்துக்கொண்டேன்.

தோட்டத்தில் உர மூட்டைகளை அகற்றி, அறையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். கழுவியும் உர வாசனை லேசாக இருந்தது. சன்னலைத் திறந்தே வைக்கச் சொன்னேன். இரண்டு தொட்டில், ஒரு பாய், ஒரு தண்ணீர்ப் பானை, வாசலுக்கு வெளியே ஒரு குழாய். லயத்திலிருந்து நடை பழகின இரண்டு பிள்ளைகள் வந்திருந்தன. ராசிங்காபுரத்துப் பெண் குழந்தையை வாங்கித் தொட்டிலில் போட்டு, தலை வலிக்கும் என்று சொன்னவள்தான், என்னமோ பாட்டுக்கூட முணுமுணுத்தாள். அவளைப் பார்த்து நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவாள்.

வெயில் ஏறிய பிறகு எதிர்வீட்டுப் பெண் காட்டிலிருந்து வந்தாள். சேலை முந்தானைக்கு அடியில் ஜாக்கெட் நனைந்திருந்தது. நேரே குழாயடிக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். மோந்து பார்த்துவிட்டு மறுபடி கழுவினாள். செடிக்கு அடிக்கிற மருந்து கையில் இருக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். உள்ளே வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, குழந்தையை எடுத்துக்கொண்டாள்.  நான் படித்த புத்தகத்தில் அரை வரியாக இருந்த விஷயம் இது.  கோபம் இல்லாத நேரத்தில் என்ன செய்வது என்று எனக்குத் தெரிவதில்லை, அதனால் சன்னல் வழியே செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. சூப்பர்வைசர் வந்து, வாசலுக்கு ஒதுங்கி நின்று, உள்ளே பார்க்காமல் தொண்டையைச் செருமினார்.

"என்னத்தா, முடிஞ்சதா?"

"இன்னொரு பக்கம் இருக்குண்ணே" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு "சரித்தா" என்று சொல்லிவிட்டுப் படியில் போய் உட்கார்ந்துகொண்டார். அவள் குழந்தையை மறுபக்கம் மாற்றினாள்.